சிரிக்கச் சிரிக்க எண்ணலாம்: வீட்டில் செய்யும் விலங்கு எண் புத்தகம்

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 1 முதல் 5 வரை போதும்.

ஏ4 அளவு மணிலா அட்டை மூன்றை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 12 பக்கம். முன்பின் அட்டை போக, ஓர் எண்ணுக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு. வரையும் முன்பே பென்சிலால் பக்க எண் போடுங்கள். பிரித்த தாளில் 2க்குப் பக்கத்தில் 11 வந்து நிற்கும், பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

இந்த வயதில் சொல் விளையாட்டு எடுபடாது. தலையில் காலுறை மாட்டிய உடும்பு எடுபடும். பினாங்குப் பிள்ளைகளுக்குக் கொடிமலையில் (பினாங்கு ஹில்) வாழும் இலைக்குரங்கைவிடப் பொருத்தமான விலங்கு ஏது? கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், பிறந்த குட்டியோ ஆரஞ்சு நிறம். "நாலு குரங்கு, நாலுக்கும் ரொட்டி சானாய்!" என்று எழுதினால், ரொட்டியும் நாலே இருக்கட்டும். ஆறு வரைந்தால் பிள்ளை ரொட்டியை எண்ணும்.

விலங்குகள் ஒன்றையொன்று மறைக்கக்கூடாது. விரல் வைத்து எண்ணும் பிள்ளை, வால் மட்டும் தெரிந்தால் குழம்பும். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

ஸ்டேப்ளர் கம்பி வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். மடிப்பில் மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தையுங்கள். அட்டையின் முனைகளை வளைத்து வெட்டுங்கள்.

வாசிக்கும்போது, கடைசி விலங்கைத் தொட்டதும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. திருத்த வேண்டாம், "மொத்தம் நாலு" என்று நீங்களே சொல்லிப் பக்கத்தைப் புரட்டுங்கள்.