கிராவல் ரோட்டை வருஷம் பூரா நல்லா வச்சுக்கிறது எப்படி? முதல் தடவை இறங்குறவங்களுக்கு ஒரு செய்முறை

தோட்டத்துக்கோ வீட்டுக்கோ போற ஒரு கிராவல் ரோடு உங்க பொறுப்புல வந்திருச்சுன்னு வச்சுக்கங்க, முதல்ல எல்லாரும் செய்யறது என்னன்னா குழி விழுந்த இடத்துல ரெண்டு சட்டி ஜல்லிய கொட்டி மண்வெட்டியால தட்டி விட்டுட்டு வந்துடுறது. நானும் மூணு வருஷம் அதைத்தான் செஞ்சேன். அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே குழி, பக்கத்துலயே புதுசா இன்னொன்னு. நாலாவது வருஷம் கொட்டுற மழையில குடைய பிடிச்சுட்டு போய் நின்னு பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. ரோடு நடுவுல தட்டையாகிப் போச்சு, தண்ணிக்கு போக வழியில்ல, அங்கயே நிக்குது, நின்ன தண்ணி மேல டயர் ஏற ஏற அடிமண்ணு கரைஞ்சு சேறா வெளிய வருது. தண்ணிக்கு வழி விடாம குழிய மட்டும் அடைச்சா அது எப்படி நிக்கும்?

இது புது கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. 1756ல பொறந்த ஜான் லவுடன் மெக்காடம்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் 200 வருஷம் முன்னாடியே இதைத்தான் சொன்னாரு: பாரத்தை தாங்குறது அடிமண்ணு, அது காஞ்சு இருக்குற வரைக்கும் தாங்கும், மேல போடுற கல்லுக்கு முக்கியமான வேலையே அந்த மண்ணுக்குள்ள தண்ணி இறங்காம பார்த்துக்கிறதுதான். அதனால கல்லுக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க.

ஸ்டெப் 1: மழை பெய்யும்போது ஒரு தடவை நடங்க

நல்ல மழையா பார்த்து, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நடங்க. தண்ணி எங்க தேங்குது, எங்க ரோட்டுக்கு குறுக்கால ஓடுது, எங்க டயர் தடத்துலயே வாய்க்கா மாதிரி நீளமா ஓடுதுன்னு பார்த்து அங்கங்க ஒரு குச்சி நட்டு வைங்க. காஞ்ச ரோட்டுல எவ்வளவு பெரிய ஆள் வந்து பார்த்தாலும் இது தெரியாது.

ஸ்டெப் 2: வாட்டம் அளக்குறது

கிராவல் ரோடு நடுவுல மேடாவும் ரெண்டு பக்கமும் சரிஞ்சும் இருக்கணும், ஆமை முதுகு மாதிரி. இன்ஜினியருங்க இதை கேம்பர்னு சொல்வாங்க. தார் ரோட்டுக்கு 2 சதவீத வாட்டமே போதும், ஆனா கிராவல்ல தண்ணி மெதுவாத்தான் ஓடும், உள்ளயும் இறங்கும், அதனால 4 சதவீதம் வேணும். அளக்க பெரிய கருவி எதுவும் தேவையில்ல. ஒரு மீட்டர் நீள மட்டப்பலகைய நடுவுல இருந்து ஓரத்தை பார்த்து குறுக்கால வைங்க, மேல ரசமட்டத்தை வைங்க, குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் தாழ்வான பக்கத்து நுனிய தூக்குங்க. நுனிக்கு கீழ 4 செ.மீ இடைவெளி இருந்தா உங்க ரோடு சரியா இருக்கு. 3 மீட்டர் அகல ரோடுன்னா ஓரத்தை விட நடு 6 செ.மீ உயரமா இருக்கணும், அவ்வளவுதான். ஒரு செ.மீ கூட தேறலன்னா குழி விழாம வேற என்ன ஆகும். அதுக்காக ரொம்ப ஏத்தியும் வைக்காதீங்க, 6 சதவீதத்தை தாண்டிட்டா வண்டி சரியற மாதிரி பயம் வந்து எல்லாரும் நட்ட நடுவுலயே ஓட்டுவாங்க, அப்புறம் நடுவுல ரெண்டு தடம் பள்ளமாகி வாட்டம் போயிரும்.

ஸ்டெப் 3: மழைக்காலத்துக்கு ஒரு மாசம் முன்னாடி

முதல் வேலை ஓரத்து மேடு. ரோட்டு விளிம்புல புல்லு வளரும், டயர் தள்ளி விடுற கல்லும் தூசியும் அந்த புல்லுல சிக்கும், ரெண்டு மூணு வருஷத்துல நீளமா ஒரு வரப்பு மாதிரி ஆயிரும். பக்கத்துலயே அருமையான வாய்க்கா இருக்கும், ஆனா இந்த வரப்பு மறிக்கிறதால தண்ணி அங்க போய் சேரவே சேராது. நிறைய பேர் வாய்க்காவ ஆழமாக்கிக்கிட்டே இருப்பாங்க, இந்த மேட்டை கண்டுக்கவே மாட்டாங்க, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். மண்வெட்டியால செதுக்கி எடுங்க. அதுல சிக்கியிருக்குற கல்லு உங்க ரோட்டு கல்லுதான், புல்லு வேர உதறிட்டு திரும்ப ரோட்டு மேலயே இழுத்து போடுங்க.

அடுத்தது பக்க வாய்க்கா. அதோட அடி ரோட்டு அடிமண் மட்டத்தை விட குறைஞ்சது ஒரு அடி கீழ இருக்கணும், இல்லன்னா வாய்க்காவுல நிக்கிற தண்ணியே பக்கவாட்டுல ரோட்டுக்குள்ள ஊறும். ஓரத்தை செங்குத்தா வெட்டாதீங்க, இடிஞ்சு விழும். சரிவான இடமா இருந்தா வாய்க்காவுல அங்கங்க கல்லை அடுக்கி சின்ன தடுப்பு கட்டுங்க, தண்ணி வேகம் குறையும், மண்ணு அரிக்காது.

அப்புறம் குழாய் பாலம், அதாவது ரோட்டுக்கு அடியில குறுக்கால தண்ணி போற குழாய். உள்ள இலை, குச்சி, மண்ணு அடைச்சிருக்கான்னு ரெண்டு பக்கமும் குனிஞ்சு டார்ச் அடிச்சு பாருங்க. குழாய்க்கு மேல ஒரு அடி மண்ணாவது இருக்கணும், இல்லன்னா பார வண்டி ஏறினா நசுங்கிரும். வெளிய வர்ற வாய்ல பெரிய கல்லு பரப்பி வைங்க, தண்ணி விழுற இடத்துல பள்ளம் பறிக்காது. ரோட்டு மேல கவிஞ்சு நிக்கிற கிளைகளையும் கொஞ்சம் கழிச்சு விடுங்க, வெயில் படாத ரோடு காயவே காயாது.

ஸ்டெப் 4: அடை மழை நாட்கள்ல

கை வைக்காதீங்க! சொதசொதன்னு இருக்குற ரோட்டுல டிராக்டர் பிளேடு போட்டு சீவினா இருக்குற கல்லும் சேத்துல புதைஞ்சு போயிரும். அடைப்பு மட்டும் எடுத்து விடுங்க, தேங்கியிருக்குற தண்ணிக்கு மண்வெட்டியால ஒரு கீறல் போட்டு வாய்க்காவுக்கு வழி பண்ணுங்க. முடிஞ்சா பார வண்டிங்கள நிறுத்தி வைங்க. 1958ல இருந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய்ல டெஸ்ட் ரோடு போட்டு லாரிங்கள ஓட விட்டு பார்த்தாங்க, அந்த டெஸ்ட்ல இருந்து வந்த கணக்குப்படி அச்சு பாரம், அதாவது ஒரு அச்சு மேல இறங்குற எடை, ரெண்டு மடங்கானா சேதம் சுமார் 16 மடங்கு. அது தார், கான்கிரீட் ரோட்டுல பண்ணினது, ஆனா ஊறிப்போன கிராவல் ரோட்டுல ஒரே ஒரு லோடு லாரி போனதுக்கப்புறம் தடத்தை பார்த்தீங்கன்னா உங்களுக்கே புரியும்.

ஸ்டெப் 5: மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு

வருஷத்துலயே முக்கியமான நாட்கள் இதுதான், வேற வேலை இருந்தாலும் தள்ளி வச்சுட்டு இதை பாருங்க. ரோடு சேறாவும் இருக்காது, கட்டாந்தரையாவும் இருக்காது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கி பிடிங்க. உருண்டையா நின்னு கையில தண்ணி ஒட்டாம இருந்தா வேலைய ஆரம்பிக்கலாம், உதிர்ந்தா காஞ்சு போச்சுன்னு அர்த்தம், விரல் இடுக்குல ஒழுகினா இன்னும் ஒரு நாள் பொறுங்க.

1896 வாக்குல மிசூரியில வார்ட் கிங்னு ஒரு விவசாயி ஒரு மரத்தடிய ரெண்டா பிளந்து, இணையா கட்டி, குதிரைய பூட்டி ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் சாய்வா ரோட்டுல இழுத்து விட்டே தன் ரோட்டை நல்லா வச்சிருந்தாரு. அந்த முறை இன்னைக்கும் அப்படியே செல்லும். டிராக்டருக்கு பின்னாடி பிளேடு இருந்தா அதை 30ல இருந்து 45 டிகிரி வரைக்கும் சாய்வா வச்சு, ஓரத்துல இருந்து நடுவை பார்த்து மண்ணு நகர்ற மாதிரி, மணிக்கு 5ல இருந்து 8 கிலோமீட்டர் வேகத்துல இழுங்க, அதுக்கு மேல போகாதீங்க. வேகமா போனா பிளேடு குதிக்கும், குதிச்ச இடமெல்லாம் புது மேடு பள்ளம். ஒரு பக்கம் முடிச்சு மறு பக்கம், கடைசியில நடுவுல சேர்ந்ததை மெல்லிசா பரப்பி விட்டு மட்டப்பலகைய எடுத்து திரும்ப அளந்து பாருங்க.

குழி அடைக்கிறதையும் இப்பவே பண்ணணும். குழிய சுத்தி தளர்வா இருக்குறதை கடப்பாரையால குத்தி எடுங்க, ஓரத்தை செங்குத்தா வெட்டுங்க, அடியில சேறு இருந்தா கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டுங்க. கல்லும் ஒட்டுற நைஸ் மண்ணும் சேர்ந்த கலவைய (அளவு ஸ்டெப் 7ல இருக்கு) ஈரத்தோட 3, 4 இஞ்ச் ஒரு அடுக்கா போட்டு திமிசுக்கட்டையால நல்லா குத்துங்க, திரும்ப ஒரு அடுக்கு. மேல ரோட்டு மட்டத்தை விட கொஞ்சம் தூக்கலா முடிங்க, டயர் ஏற ஏற அமுங்கி சரியாகிடும். சுத்தமான ஜல்லிய மட்டும் போட்டு அடைச்சா நாலே நாள்ல சிதறிரும், ஒட்டுறதுக்கு அதுல ஒண்ணும் இல்லையே.

ஸ்டெப் 6: வெயில் காலம், தூசியும் அலையும்

வெயில்ல ரோட்டுல வரிசையா அலை அலையா வந்து வண்டி தடதடன்னு ஆடும். இதுக்கு மூணு காரணம் ஒண்ணா சேரும்: ஈரம் இல்ல, கல்லை பிடிச்சு வைக்கிற நைஸ் மண்ணு தூசியா பறந்து போச்சு, வண்டிங்க வேகமா வந்து திடீர்னு பிரேக் அடிக்குது இல்ல சடார்னு கிளம்புது. மணல் மேல சக்கரத்தை சுத்த விட்டு பார்த்த ஆய்வுகள்ல, ஒரு வேகத்துக்கு கீழ போனா அலை உருவாகுறதே இல்லன்னு தெரிஞ்சிருக்கு, ஆனா அது ரொம்ப மெதுவான வேகம், நிஜத்துல யாரும் அப்படி ஓட்ட மாட்டாங்க. மேட்டை மட்டும் சீவி பள்ளத்தை நிரப்பிட்டு விட்டீங்கன்னா சீக்கிரமே அதே இடத்துல திரும்ப வரும், ஏன்னா அடியில அலை கெட்டியா அப்படியே இருக்கு. பள்ளத்தோட அடிக்கும் கீழ ஒரு இஞ்ச் வரைக்கும் மொத்தமா கிளறி, தண்ணி தெளிச்சு, கலந்து, பரப்பி, ரோலர் விடணும். தண்ணி டேங்கருக்கு வழியில்லன்னா கோடை மழை ஒண்ணு பெய்யற வரைக்கும் காத்திருங்க, காஞ்சு கிடக்கும்போது கிளறாதீங்க.

தூசி அடங்க கால்சியம் குளோரைடு போடுறவங்க இருக்காங்க, அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், ஆனா வண்டி இரும்பை அரிக்கும், மழையில கரைஞ்சும் போகும், அதிகமா போட்டா பக்கத்து செடி கருகும். பழைய இன்ஜின் ஆயிலை மட்டும் தயவு செஞ்சு ஊத்தாதீங்க, அது நிலத்தடி தண்ணிய கெடுத்துரும்.

உறைபனி விழுற இடமா இருந்தா

மண்ணுல இருக்குற தண்ணி உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், ரோட்டை தூக்கி விடும். அதை விட ஆபத்து உருகும்போதுதான்: மேல உருகிரும், அடியில இன்னும் ஐஸ் கெட்டியா இருக்கும், தண்ணி கீழயும் இறங்காம நடுவுல மாட்டி ரோடே களி மாதிரி ஆயிரும். அந்த சில வாரத்துக்கு பார வண்டிய விடாதீங்க. பனிய தள்ளும்போது பிளேடை ஒரு இஞ்ச் தூக்கியே வைங்க, இல்லன்னா பனியோட சேர்ந்து கல்லும் வாய்க்காவுக்கு போயிரும்.

ஸ்டெப் 7: புது கல்லு போடுறது

என்ன பார்த்துக்கிட்டாலும் சில வருஷத்துக்கு ஒரு தடவை மேல கொஞ்சம் போட்டுத்தான் ஆகணும். மேல் அடுக்குக்கு பெரிய கல்லே முக்கால் இஞ்ச், அதாவது 20 மி.மீ அளவுல இருக்கணும், உடைச்ச கல்லா இருக்கணும், ஏன்னா ஆத்து கூழாங்கல்லு உருளும், ஒண்ணோட ஒண்ணு கோத்துக்காது. மொத்தத்துல 8ல இருந்து 15 சதவீதம் ஒட்டுற தன்மையுள்ள நைஸ் மண்ணு வேணும். இருக்கான்னு பார்க்க, கலவைய சலிச்சு ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி போட்டு தண்ணி ஊத்தி குலுக்கி ஒரு நாள் விட்டுருங்க, மணல் அடியில, வண்டல் நடுவுல, களி மேலன்னு பிரியும். களி அடுக்கே தெரியலன்னா அந்த லோடு தூசியாத்தான் பறக்கும், களிதான் பாதின்னா மழையில வழுக்கும்.

கணக்கு ரொம்ப சுலபம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அமுங்கின பிறகு 10 செ.மீ கனம் வேணும்னா 30 கன மீட்டர். லூசா வர்ற லோடு ரோலர்ல அமுங்குமே, அதனால கால் பங்கு சேர்த்து 37, 38 கன மீட்டரா சொல்லுங்க. கொட்டுறதுக்கு முன்னாடி பழைய ரோட்டை ஒரு இஞ்ச் கிளறி விடுங்க, அப்பதான் புதுசும் பழசும் ஒட்டும். ரோலரை ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு கொண்டு வாங்க. நடுவுல ஆரம்பிச்சா கலவை ஓரத்துக்கு நழுவி வாட்டம் படுத்துரும்.

முதல் ஒரு வாரம் எல்லா வண்டியும் ஒரே தடத்துல போக விடாதீங்க. அங்கங்க ரெண்டு பெரிய கல்லை இல்ல ஒரு மரக்கட்டைய ரோட்டு மேல இடம் மாத்தி மாத்தி வைங்க, ராத்திரியில தெரியற மாதிரி அதுல ஒரு வெள்ளைத் துணிய கட்டுங்க, டயர் அகலம் பூரா ஏறி ரோலர் வேலையில மிச்சம் இருக்குறதையும் அதுவே முடிச்சுரும்.