ஹார்ஸ் போக்கர்: ஐந்து ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடுவது எப்படி?

போக்கரில் பிரபலமான டெக்சாஸ் ஹோல்டெம் ஆடத் தெரியும், அடுத்து என்ன கற்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஹார்ஸைத்தான் சொல்வேன். ஹோல்டெம், ஒமாஹா ஹை-லோ, ராஸ், செவன் கார்டு ஸ்டட், ஸ்டட் எய்ட் ஆகிய ஐந்தும் ஒரே மேசையில் சுழன்று வரும். லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரில் 2006-இல் இதற்கு 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். சிப் ரீஸ் வென்றார். 2010-இல் அந்தப் போட்டியை எட்டு ஆட்டங்களாக்கிவிட்டார்கள். நமக்கு ஐந்தே அதிகம்.

படி 1: தயாராவது. ஆறு பேர், ஜோக்கர் எடுத்த ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு 100 புளியங்கொட்டை. பணம் வேண்டாம். (பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியாவில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது.) ஐந்து அட்டைகளில் ஆட்டத்தின் பெயரை எழுதி, நடக்கிற ஆட்டத்தின் அட்டையை எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். அட்டை மாறியதைக் கவனிக்காமல் ஆடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் கூத்து.

படி 2: பந்தயம். ஐந்துமே லிமிட் ஆட்டங்கள், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத் தொகை முன்பே வரையறுக்கப்பட்டது. ஹோல்டெமிலும் ஒமாஹாவிலும் முதல் இரண்டு சுற்றுகளில் 2 கொட்டை, அப்புறம் 4. ஸ்டட் வகைகளில் ஐந்தாவது சீட்டிலிருந்து 4. 'ஆல் இன்' என்று மொத்தத்தையும் தள்ளி மிரட்ட முடியாது என்பதால் புதியவர்கள் நிதானமாகக் கற்கலாம்.

படி 3: சுழற்சி. ஆறு பேர் என்றால் ஆறு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிந்ததும் அட்டையை மாற்றுங்கள். ராஸிலும் இரண்டு ஸ்டட்களிலும் பிளைண்ட் (சீட்டு வருமுன் இருவர் போடும் கட்டாயப் பந்தயம்) கிடையாது, சீட்டுப் போடுபவர் யார் என்று காட்டும் டீலர் பட்டனும் நகராது. அதற்குப் பதில் எல்லாரும் ஆன்டி என்ற சிறிய நுழைவுத் தொகை போட வேண்டும்.

படி 4: ஒமாஹா. கையில் நான்கு சீட்டு. அதில் சரியாக இரண்டும், மேசையிலுள்ள பொதுச் சீட்டுகளில் மூன்றும் சேர்ந்ததே உங்கள் கை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத்தில், பாதி உயர்ந்த கைக்கு, மீதி லோவுக்கு. லோ என்றால் எட்டும் அதற்குக் கீழும் உள்ள ஐந்து வெவ்வேறு சீட்டுகள். ஏஸ் இரண்டு பக்கமும் உதவும். உங்களிடம் ஏஸ், 2, ராஜா, ராஜா. மேசையில் 3, 7, 8, ஜாக், ராணி என்றால் லோ இருக்கிறது. அந்த 8-க்குப் பதில் இன்னொரு 2 விழுந்திருந்தால் உங்கள் 2 ஜோடியாகி லோ போச்சு. யாருக்கும் லோ அமையாவிட்டால் முழு பாட்டும் உயர்ந்த கைக்குத்தான்.

படி 5: ஸ்டட், ராஸ். இங்கேதான் தலை சுற்றும். பொதுச் சீட்டு இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடியது, ஒன்று திறந்தது. பிறகு மூன்று திறந்தவை, கடைசி ஒன்று மூடியது. ஸ்டட்டில் மிகச் சிறிய திறந்த சீட்டு வைத்திருப்பவர் கட்டாயமாகத் தொடங்க வேண்டும். நான்காவது சீட்டிலிருந்து உயர்ந்ததைக் காட்டுபவர் தொடங்குவார். ராஸில் எல்லாம் தலைகீழ். பெரிய சீட்டுக்காரர்தான் முதலில் போட வேண்டும், அதன் பிறகு சிறியதைக் காட்டுபவர். ஜோடி சேர்ந்தால் கெடுதல்; ஸ்டிரெயிட் (வரிசையாக வரும் ஐந்து), ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து) கணக்கில் வராது. ஏஸ், 2, 3, 4, 5தான் மிகச் சிறந்த கை. தொடங்கும் மூன்று சீட்டும் எட்டுக்குள், வெவ்வேறாக இல்லையென்றால் பெரும்பாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தவர்களின் திறந்த சீட்டுகளை, அவர்கள் ஆட்டத்தை விட்டு விலகிய பிறகும், நினைவில் வையுங்கள். ஸ்டட்டில் உங்களிடம் ராணி ஜோடி இருக்கும்போது எதிரே இரண்டு ராணிகள் தெரிந்தால் கெட்ட செய்தி, மூன்றாவது வரவே வராது. ராஸில் உங்களிடம் ஏஸ், 4, 6 இருந்து, எதிரே ஒரு 4-ம் ஒரு 6-ம் தெரிந்தால் நல்ல செய்தி, ஜோடி சேரும் ஆபத்து குறைகிறது. ரம்மியில் கீழே விழுந்த சீட்டை மனதில் வைத்துப் பழகியவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள்.

படி 6: ஸ்டட் எய்ட். ஸ்டட் விதிகளேதான், பாட் மட்டும் ஒமாஹா மாதிரி பாதி பாதி. ஆனால் ஏழில் எந்த ஐந்தும் எடுக்கலாம். இரு பக்கமும் வெல்லக்கூடிய 3, 4, 5 போன்ற சிறிய தொடர்ச் சீட்டுகளோடு இறங்குங்கள். பாதிக்காக மட்டும் துரத்தினால் மெதுவாகத் தேய்வீர்கள்.

முதல் நாளே ஐந்தையும் ஆட வேண்டாம். ஹோல்டெம், ஸ்டட், ராஸ் மூன்றும் கைவந்த பிறகு பாட் பிரியும் இரண்டையும் சேருங்கள். பாதியாகப் பிரிக்கும்போது ஒரு கொட்டை மிஞ்சினால் அது உயர்ந்த கைக்கு.