வெளிமரத்துக்கு ஸ்டெயின்: பளபளப்பைப் பார்த்து வாங்கினால்…

எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. கிரகப்பிரவேசத்தன்று தேக்குக் கதவில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். இரண்டாவது கோடை முடிவதற்குள் கதவின் கீழ்ப்பாதியில் வார்னிஷ் பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பித்துவிட்டது. நகத்தால் நெண்டினால் விரல் நீளத்துக்குப் பிய்ந்து வந்தது. அடியில் மரம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சன்ஷேடு நிழல் விழும் மேல்பாதியோ போட்ட அன்று இருந்தது போலவே இருந்தது. நான் மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். வேலையைக் காட்டியது வெயில்.

மரத்தின் இழைகளை ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது சிதைந்துபோகும். தெளிவான வார்னிஷ் கண்ணாடி ஜன்னல் மாதிரி. வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். மேலே படலம் நன்றாக இருக்கும்போதே அடியில் மரத்தின் மேல்தோல் பொடிந்துவிடுகிறது. பிடிமானம் போன பிறகு படலம் எதில் ஒட்டிக்கொண்டிருக்கும்?

ஆகவே, “மர நிறம் அப்படியே தெரியணும், கலரே வேண்டாம்” என்று கடையில் கேட்பதுதான் முதல் தவறு. மரத்துக்கு நிறமேற்றும் பூச்சுதான் ஸ்டெயின். அதில் கலந்திருக்கும் நிறமித் துகள்கள்தான் மரத்துக்குக் குடை. நிறம் கூடக் கூட நிழலும் கூடும். தேக்கு, வேங்கை போன்ற நல்ல மரத்துக்கு ரேகை தெரிகிற அளவுக்கு நிறமுள்ள, பாதி ஒளி ஊடுருவும் ஸ்டெயினே என் தேர்வு. பைன் மரத்தில் செய்த வேலிக்கோ கேட்டுக்கோ ரேகையைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முழுக்க மறைக்கும் ஸ்டெயின் அடித்துவிடலாம், ரொம்ப நாள் தாங்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து கலந்த தெளிவான பூச்சுகளும் உண்டு. வருஷா வருஷம் மறுபூச்சு போடத் தயாராக இருப்பவர்கள் மட்டும் அதை வாங்கலாம்.

உள்ளே போடுவதை வெளியே போடுவது அடுத்த தவறு. அலமாரி வேலை முடிந்து, உள்மரத்துக்குப் போடும் மெலமைன் பாலிஷ் மீந்திருக்கும். வீணாக்குவானேன் என்று பால்கனிக் கைப்பிடிக்கும் ஒரு கோட்டு இழுத்துவிடுவார்கள். வெயிலில் அது மஞ்சளித்து வெடிக்கும். அரக்கில் செய்யும் ஃபிரெஞ்ச் பாலிஷ் தண்ணீர் பட்டால் வெள்ளை பூத்துவிடும். டப்பாவில் ‘எக்ஸ்டீரியர்’ என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாலே இந்தத் தொல்லை இல்லை.

நிற்கும் மரத்தையும் படுத்திருக்கும் மரத்தையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. கதவில் மழை வழிந்து ஓடிவிடும். மொட்டைமாடி பெஞ்சு, ஊஞ்சல் பலகை, வெளியே மரப்பலகை பாவிய டெக் தளம் இவற்றில் தேங்கும். கூடவே ஆள் மிதிப்பதும் வெயிலும். படலம் கட்டும் எதைப் பூசினாலும் எங்கோ ஒரு கீறல் விழும். அதன் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற முடியாமல் அங்கேயே மரத்தை ஊறவைக்கும். இந்த இடங்களுக்கு மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் வகை ஸ்டெயின்தான் சரி. இரண்டு மூன்று வருஷத்தில் மங்கும், உண்மைதான். ஆனால் மங்குவதற்கும் உரிவதற்கும் நிறைய வித்தியாசம். மங்கியதைக் கழுவிக் காயவிட்டு, லேசாகத் தேய்த்து, இன்னொரு கோட்டு போட்டால் வேலை முடிந்தது. உரிந்த வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுக்க எனக்கு ஒற்றைக் கதவுக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பழைய வார்னிஷின் மேலேயே ஸ்டெயின் போட்டுப் பயனில்லை, உள்ளே இறங்காது. சந்தேகமாக இருந்தால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும். மரம் உறிஞ்சிக்கொண்டால் சரி. உப்புத்தாளில் 80-ஆம் நம்பர், அப்புறம் அதைவிட நைசான 120, அதோடு நிறுத்துங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக வேண்டுமென்று 220 வரை போனால் நுண்துளைகள் அடைபட்டு, மரம் குறைவாகவே குடிக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடுவது நல்லது.

மரம் ஈரமாக இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோதான காலம். அப்போதும் உச்சிவெயிலில் வேண்டாம். பிரஷ் அடுத்த பலகைக்குப் போவதற்குள் முந்தையது காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்.

காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று தாராளமாகப் பூசுபவர்கள் அதிகம். மரம் குடிக்கிற அளவுதான் குடிக்கும். மிச்சத்தைப் பதினைந்து இருபது நிமிஷத்தில் துணியால் துடைத்து எடுக்காவிட்டால் பிசுபிசுப்பு போகாது, தெருப்புழுதி முழுக்க அதில்தான் உட்காரும்.

கதவை மாட்டிய பிறகுதான் பெரும்பாலும் பாலிஷ் போடுகிறார்கள். அதனால் அடி விளிம்பு பிரஷையே பார்ப்பதில்லை. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அறுத்த முனையில்தான். உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி அது. நிமிர்ந்து நிற்கும் சட்டங்களின் அறுத்த முனைகள் தரைப்பக்கம்தான் இருக்கின்றன. ஐப்பசி மழையில் கதவு இறுக்கிக்கொண்டு தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்தால், ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவச் சொல்லும் முன் அடியில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெறும் மரமாகத்தான் இருக்கும். மழை விட்டு மரம் காய்ந்ததும் கதவைக் கழற்றி, அந்த விளிம்புக்கு இரண்டு மூன்று கோட்டு ஊறக் கொடுங்கள். பெஞ்சுக் கால்களுக்கும் அப்படியே.

கடைசியாக, துடைத்த துணி. ஆளி விதை எண்ணெய் கலந்த ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது வெளிப்படும் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசா எரிந்தது இப்படித்தான். மரப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை விரித்துக் கொடியில் தனித்தனியாகக் காயப் போடுங்கள்; அதற்கு இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி, மூடி வையுங்கள்.