தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்றதும் செய்ய வேண்டியவை

முதலில் வாங்க வேண்டியது பழக்கூடை அல்ல, வெப்பமானி. கீமோ சிகிச்சைக்குப் பிறகு என் தம்பிக்குக் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துவிடும். அந்த நாட்களில் 38 டிகிரி காய்ச்சலே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பனடோல் (பாரசிட்டமால்) கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அடையாள அட்டை, மருந்துப் பட்டியல், மாற்றுத்துணி அடங்கிய பை கதவருகே இருக்கட்டும்.

சாப்பாடு சுடச்சுட இருக்க வேண்டும். கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, நேற்றைய சட்னி, கடையில் நறுக்கி வைத்த பழம் எதுவும் ஆகாது. இருமிக்கொண்டு வரும் மாமாவை வாசலோடு அனுப்புங்கள். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

இனி பணம். மலேசியாவில் இரத்த நோய்களுக்கான தேசியப் பரிந்துரை மையம் கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங் மருத்துவமனைதான். தனியார் மருத்துவமனையில் சேமிப்பைக் கரைக்கும் முன் அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். செலவுக்கு உதவி தேடித் தரும் அங்குள்ள மருத்துவச் சமூகப்பணிப் பிரிவை முதல் வாரத்திலேயே பாருங்கள், நகையை அடகு வைத்த பிறகு அல்ல. ஊழியர் சேமநிதியில் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். உடன்பிறந்தவருக்காக நம் கணக்கிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். சந்தா செலுத்தியவர் வேலைக்குத் திரும்ப இயலாவிட்டால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் உண்டா என்று கேளுங்கள். ரசீதுகளை அன்றன்றே படமெடுத்து வையுங்கள். அச்சு சீக்கிரம் மங்கிவிடும்.