மேகத்துக்கு அடியில் நிற்கும் நீரைப் பார்ப்பது எப்படி: சென்டினல்-1 ரேடார் படம், முதல் முறை செய்பவர்களுக்கு

வெள்ளம் வரும் நாட்களில் வானம் மூடிக்கிடக்கும். வழக்கமான செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் மேகம்தான் தெரியும். எந்தப் பகுதியில் நீர் நிற்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டிய நிலையில்தான் நான் ரேடார் படங்களின் பக்கம் வந்தேன். கிடைத்த வழிகாட்டிகளில் எந்தப் பட்டனுக்கு அப்புறம் எந்தப் பட்டன் என்பது இருந்தது, ஏன் என்பது இல்லை. அந்த 'ஏன்' தெரியாமல் நல்ல வரைபடம் வராது என்பது என் உறுதியான கருத்து. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். மென்பொருளை நிறுவுவது, இணையதளத்தில் கணக்கு தொடங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயம். ரேடார் செயற்கைக்கோள் சூரிய ஒளியை நம்பியிருப்பதில்லை. தானே பக்கவாட்டில் ஓர் அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர். மேகத்துளிகள் அதைவிட மிகமிகச் சிறியவை என்பதால் அலை தடையில்லாமல் கடந்துவிடுகிறது. அசையாத நீர்ப்பரப்பு கண்ணாடி போல அலையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய எதுவும் திரும்பாது. கரடுமுரடான நிலம் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அதில் ஒரு பங்கு திரும்பி வரும். ஆகவே நீர் கறுப்பு, நிலம் சாம்பல். நாம் செய்யப்போவது இந்த இரண்டையும் பிரிப்பது, அவ்வளவுதான்.

(இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று உண்டு. சென்டினல்-1 சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அதன் ஆன்டெனாவின் நீளம் 12.3 மீட்டர். அதை மட்டும் வைத்துப் பார்த்தால், பறக்கும் திசையில் சில கிலோமீட்டர் அகலமுள்ளவை மட்டுமே தனித்துத் தெரியும். பறந்துகொண்டே வாங்கிய எதிரொலிகளைக் கணக்கிட்டு ஒன்றுசேர்ப்பதால்தான் அது 20 மீட்டராகக் குறைகிறது.)

படத்தை எடுத்தல்

ஐரோப்பாவின் புவி கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் தளத்திலும் அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டியின் வெர்டெக்ஸ் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. என் தேர்வு வெர்டெக்ஸ். பாதை எண்ணை வைத்து வடிகட்டுவது அங்கே எளிது. 'ஐடபிள்யூ' முறையில் (நிலப்பகுதிகளுக்கு வழக்கமான அகலப் பட்டை முறை) எடுத்த 'ஜிஆர்டி' வகைப் படத்தை (அலையின் வலிமை மட்டும் உள்ளது) தேர்ந்தெடுங்கள். அலையின் கட்டத்தையும் (ஃபேஸ்) வைத்திருக்கும் 'எஸ்எல்சி' வகை இந்த வேலைக்கு வேண்டாம். தரை நகர்வை அளக்கும்போதுதான் அது தேவைப்படும்.

வெள்ளத்துக்கு முன், பின் என்று இரண்டு படம் எடுப்பதானால் இரண்டுக்கும் பாதை எண்ணும் பறந்த திசையும் ஒன்றாக இருக்கட்டும். வேறு கோணத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், மாறாத இடமும் மாறியதாகத் தெரியும். ஒரே செயற்கைக்கோள் அதே பாதைக்கு 12 நாட்களில் திரும்புகிறது. இந்த வரிசையின் இரண்டாவது செயற்கைக்கோளான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்தது. அடுத்ததான 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தேடினால் படங்கள் குறைவாகவே கிடைக்கும்.

இறங்கிய ஜிப் கோப்பைப் பிரிக்க வேண்டாம். ரேடார் படங்களைக் கையாளும் இலவச மென்பொருளான ஸ்நாப்பில் அப்படியே திறக்கலாம். படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும். அது செயற்கைக்கோள் பார்த்த வரிசை. கடைசியில் தானாகச் சரியாகும்.

ஸ்நாப்பில் வரிசை

எல்லாம் ரேடார் மெனுவுக்குள் இருக்கிறது. முதலில் ஆர்பிட் ஃபைல். துல்லியமான பாதைத் தகவல் வெளியாக ஏறக்குறைய 20 நாள் ஆகும். நேற்று எடுத்த படமென்றால் அது இருக்காது. 'கோப்பு கிடைக்காவிட்டாலும் தொடரவும்' என்ற பெட்டியை டிக் செய்துகொள்ளுங்கள். அடுத்து தெர்மல் நாய்ஸ் நீக்கம். இதைத் தவிர்க்காதீர்கள். வி.ஹெச் பேண்டில் (செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பி, கிடைமட்டமாக அதிர்வதை வாங்கிய அடுக்கு) நீரிலிருந்து வரும் சமிக்ஞை கருவியின் இரைச்சல் அளவுக்கே இறங்கிவிடும். நீக்காவிட்டால் படத்தின் மூன்று துணைப்பட்டைகள் சேரும் இடத்தில் கோடு தெரியும்.

அப்புறம் உங்கள் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். கம்ப்யூட்டர் மூச்சு விடும்.

கேலிப்ரேஷனில் (பிக்சல் எண்களை உண்மையான எதிரொலி அளவாக மாற்றும் படி) சிக்மா நாட் என்ற அளவு போதும். ஸ்பெக்கிள் ஃபில்டரில் (ரேடார் படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சலை மட்டுப்படுத்தும் படி) என் விருப்பம் ரீஃபைண்ட் லீ என்ற வகை. கரையோரத்தை அதிகம் கரைக்காது. டெர்ரெய்ன் கரெக்‌ஷனில் (மேடுபள்ளத்தால் வரும் கோணலைத் திருத்திப் படத்தை வரைபடத்தில் பொருத்தும் படி) கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவைத் தேர்ந்தெடுங்கள். பலரும் சொல்லும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000-ஆம் ஆண்டு எடுத்தது. வடக்கே 60 டிகிரிக்கு மேல் கிடையாது. வரைபட முறையாக யுடிஎம் (மீட்டரில் அளக்கும் முறை) தானியங்கித் தேர்வைக் கொடுங்கள். காரணம் பின்னால் வரும்.

மிகச் சிறிய எண்களை ஒப்பிட எளிதாக்கும் மடக்கை (லாக்) அளவான டெசிபெல்லுக்கு மாற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான். ஃபில்டர் என்பது ஒருவகைச் சராசரி. 0.1, 0.001 என்ற இரண்டு பிக்சல்களின் சராசரி 0.0505, அதாவது சுமார் −13 டெசிபெல். அதே இரண்டையும் முதலில் டெசிபெல்லாக்கினால் −10, −30, சராசரி −20. நிலமாக இருக்க வேண்டிய இடம் நீராகிவிட்டது!

எல்லைக்கோடு: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

இதுவரை வந்ததெல்லாம் பட்டன் வேலை. எந்த மதிப்புக்குக் கீழே இருப்பது நீர் என்று முடிவு செய்வதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு கட்டுரையில் −15 என்றிருக்கும், இன்னொன்றில் −18. இரண்டும் அந்தந்தப் படத்துக்குச் சரிதான். உங்கள் படத்துக்கான எண் உங்கள் படத்துக்குள்தான் இருக்கிறது.

வி.வி பேண்டை (அனுப்பியதும் வாங்கியதும் செங்குத்தாக அதிரும் அலை) டெசிபெல்லில் வைத்து ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்று காட்டும் படம்) பாருங்கள். இரண்டு மேடு தெரிய வேண்டும்: இடப்பக்கம் நீர், வலப்பக்கம் நிலம். நடுவே உள்ள பள்ளம்தான் எல்லைக்கோடு. ஒரே மேடு தெரிந்தால் நீர் இல்லை என்று அர்த்தமில்லை. நிலம் அதிகமாக இருப்பதால் நீரின் மேடு அதன் சரிவில் அமுங்கிப்போயிருக்கும். ஏரியோ ஆறோ பாதிக்குப் பாதி வரும்படி ஒரு சிறிய துண்டை வெட்டி, அதில் எல்லைக்கோட்டைக் கண்டுபிடித்து, முழுப் படத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

அப்படியும் பள்ளம் தெளிவாக இல்லையென்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். காற்று நீரில் சிற்றலை எழுப்பினால் வி.வியில் நீர் வெளுத்துவிடும். வி.ஹெச் இதற்கு அவ்வளவாக அசையாது. அதில் முயன்று பாருங்கள், எல்லைக்கோடு இன்னும் கீழே இருக்கும்.

பிறகு ஸ்நாப்பில் கணக்குப் போடும் கருவியான பேண்ட் மேத்ஸில் 'இதைவிடக் குறைவு' என்று ஒரு வரி எழுதினால் நீர் 1, மற்றது 0 என்று வரைபடம் தயார். யுடிஎம் முறையில் 10 மீட்டர் பிக்சல் என்றால் 100 பிக்சல் ஒரு ஹெக்டேர். அட்சரேகை தீர்க்கரேகை முறையில் விட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

சேர்க்கை: வாசகர்கள் கேட்ட பிறகு

படம் முழுக்க 0 வருகிறது என்று சிலர் எழுதினார்கள். டெசிபெல் எண்ணை, டெசிபெல்லாக மாற்றாத பேண்டில் (நேரியல்) போட்டால் அப்படித்தான் வரும். அங்கே எதுவும் −17-ஐவிடக் குறைவாக இருக்காது. −17 டெசிபெல் என்பது நேரியலில் 0.02.

கடலோரத்தில் செய்தவர்களுக்குக் கடலே காணாமல் போனது. டெர்ரெய்ன் கரெக்‌ஷனில் 'உயரம் இல்லாத பகுதியை மறை' என்ற பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

டெசிபெல் பேண்ட் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் திறக்கவில்லை என்ற கேள்விக்கு: ஸ்நாப் அதைக் கணக்காக மட்டுமே வைத்திருக்கிறது, மதிப்புகளைச் சேமிக்கவில்லை. பேண்ட் மீது வலது கிளிக் செய்து 'கன்வர்ட் பேண்ட்' கொடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

மலையில் நீர் தெரிகிறதா? அது ரேடார் நிழல், அதாவது மலை மறைப்பதால் அலை எட்டாத இடம். உயரத் தரவையும் சேர்த்து வெளியே எடுத்து, செங்குத்தான சரிவுகளை நீக்குங்கள். விமான ஓடுபாதையும் உலர்ந்த மணலும்கூடக் கறுப்பாகவே வரும். வெள்ளத்துக்கு முந்தைய படத்திலும் அவை அப்படியே இருப்பதால் ஒப்பிட்டால் விலகிவிடும்.

மரங்களுக்கு அடியில் நிற்கும் வெள்ளம் மட்டும் இந்த முறையில் பெரும்பாலும் சிக்காது. அலை நீரில் பட்டு, மரத்தண்டில் மோதித் திரும்புவதால் சில சமயம் அந்த இடம் வெளுப்பாகக்கூடத் தெரியும். இந்த வெள்ளத்தைப் பிடிக்க நீளமான அலை வேண்டும். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து 2025 ஜூலையில் ஏவிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோளின் எல்-பேண்ட் அலை சுமார் 24 சென்டிமீட்டர். அது இலைகளைத் தாண்டி இறங்கும். காட்டுப்பகுதியில் வேலை செய்பவர்கள் அந்தத் தரவை எடுத்துப் பாருங்கள். அங்கே நீரைத் தேட வேண்டியது கறுப்பில் அல்ல, வெளுப்பில்.