கான்ஃபிக் ஃபைல் கெட்டுப்போனால் அவசரத்தில் செய்யக்கூடாதவை

நேற்று வரை ஒழுங்காக ஓடிய புரோகிராம், இன்று காலை ஐகானைத் தட்டினால் ஒரு நொடி தலையைக் காட்டிவிட்டு மறைந்துபோகிறது, இல்லாவிட்டால் புரியாத ஒரு எரர் பெட்டியைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கோயில் ஆபீஸ், தமிழ்ப் பள்ளி, சின்னக் கடை என்று எங்கே கம்ப்யூட்டர் பார்க்கப் போனாலும் இந்தப் புகார் ஒன்று காத்திருக்கும். 2022, 2023-ல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது இது தினப்படிக் கதை. 2024 மார்ச் கடைசிக்கு அப்புறம் அது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிப், மழை என்று கரண்ட் போவதற்கு இங்கே காரணமா இல்லை, அதனால் இந்தக் கோளாறும் போகவில்லை.

கெட்டிருப்பது பெரும்பாலும் புரோகிராம் இல்லை. அது தன் செட்டிங்ஸை எழுதி வைக்கிற கான்ஃபிக் ஃபைல், சில கேபி அளவுள்ள ஒரு துண்டு ஃபைல், அதை எழுதும் நடுவில் கரண்ட் போய் அதுதான் கெட்டிருக்கும். அதை ஓரமாக நகர்த்தி வைத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதை ஒரு நாள் வேலையாகவும், சில சமயம் திரும்பக் கிடைக்காத நஷ்டமாகவும் ஆக்குவது கரண்ட் இல்லை, பதற்றத்தில் நாம் வைக்கிற கைதான்.

எல்லாரும் முதலில் போவது அன்இன்ஸ்டாலுக்கு. புரோகிராமை எடுத்து, டேட்டாவைச் செலவழித்து மறுபடி இறக்கி, போட்டுத் திறந்தால் அதே எரர் அதே இடத்தில். ஏனென்றால் புரோகிராம் இருப்பது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில், உங்கள் செட்டிங்ஸ் இருப்பது உங்கள் யூசர் பெயருக்குக் கீழே மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில். பல அன்இன்ஸ்டாலர்கள் ஆப்டேட்டாவைத் தொடுவதே இல்லை, நாளைக்குத் திரும்பப் போட்டால் பழைய செட்டிங்ஸ் அப்படியே இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில். ஆக, வீட்டையே இடித்துக் கட்டிவிட்டு அடைத்துக்கொண்ட அதே பழைய குழாயை மறுபடி மாட்டின கதைதான். இதில் லைசென்ஸ் கீ எந்த ஈமெயிலில் வந்தது என்று தேடும் படலம் வேறு.

அந்த ஃபோல்டரைப் பார்க்க, விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள், வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில், இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு அடியுங்கள். ரோமிங் என்ற ஃபோல்டர் திறக்கும், ஒரு படி மேலே போனால் அதன் பக்கத்திலேயே லோக்கல் இருக்கும். உங்கள் புரோகிராமின் பெயரோ அதைச் செய்த கம்பெனியின் பெயரோ இரண்டில் ஒன்றில் கண்ணில் படும். மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராம் கட்டும் தளமான டாட்நெட்டில் எழுதிய புரோகிராம் என்றால், ரசீது, ஸ்டாக், மெம்பர்ஷிப் சாஃப்ட்வேரில் நிறைய அந்த ரகம், லோக்கலுக்குள் கம்பெனி பெயர், அதற்குள் புரோகிராம் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீளமான கந்தர்கோல எழுத்து வரிசை, அதற்குள் வெர்ஷன் நம்பர், அதற்கும் உள்ளே யூசர்.கான்ஃபிக் என்று ஒரு ஃபைல். இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கும் கோபம் வரும், சரி, அது வேறு கதை.

எரர் பெட்டியைப் படிக்காமல் மூடுவது அடுத்த தவறு. அங்கிள், அது என்ன சொல்லிச்சு என்று கேட்டால், "என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுப்பா, ஓகே அடிச்சிட்டேன்" என்பார்கள். அந்த ஓகேயில் பாதி விடை போய்விடுகிறது. 'கான்ஃபிகரேஷன் சிஸ்டம் ஃபெயில்ட் டு இனிஷியலைஸ்' என்று வந்தால் கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம், டாட்நெட் கான்ஃபிக் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். 'ரூட் எலிமெண்ட் இஸ் மிஸ்ஸிங்' என்றால் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் எழுதிய அந்த கான்ஃபிக் ஃபைல் காலியாகக் கிடக்கிறது. பெட்டி ஓடிப்போய்விட்டாலும் பரவாயில்லை, விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன் என்று போனால் சிவப்புக் குறியோடு அந்த நேரத்துப் பதிவு இருக்கும், பல சமயம் எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்பது வரை எழுதியிருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. ஒரு புரோகிராம் மட்டும் இல்லாமல், சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு டாட்நெட் புரோகிராம்கள் ஒரே நாளில் இதே செய்தியோடு படுத்தால், ஆப்டேட்டாவில் தேடிப் பயனில்லை, விண்டோஸ் ஃபோல்டருக்குள் டாட்நெட் ஃபிரேம்வொர்க்குக்குப் பொதுவாக இருக்கும் மெஷின்.கான்ஃபிக்கைச் சந்தேகப்படுங்கள். அதை அழித்துப் பார்க்கிற ஆசை வேண்டாம். அதே ஃபோல்டரில் மெஷின்.கான்ஃபிக்.டீஃபால்ட் என்று ஒரு மூலப் பிரதி இருக்கும், அதிலிருந்து எடுக்கலாம்.

சரி, ஃபைலைக் கண்டுபிடித்தாயிற்று. நோட்பேடில் திறந்தால் வெள்ளையாக இருக்கிறது, ஆனால் அளவு 4 கேபி என்று காட்டுகிறது. நோட்பேட்++ இருந்தால் அதில் திறந்து பாருங்கள், வரி முழுக்க என்யூஎல், என்யூஎல், என்யூஎல் என்று கறுப்புக் கட்டங்கள் அணிவகுத்து நிற்கும். எல்லாம் பூஜ்ய பைட்டுகள். இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்யக்கூடாது என்பதும் தானாகப் புரியும். நிறைய புரோகிராம்கள் திறக்கும்போதும் மூடும்போதும், நீங்கள் ஒன்றையும் மாற்றாவிட்டாலும், விண்டோ எந்த மூலையில் இருந்தது என்பதற்காகவாவது கான்ஃபிக் முழுவதையும் திரும்ப எழுதுகின்றன. ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம் வேறு பெயரில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, அது டிஸ்க்கில் இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் பழையதின் இடத்தில் வைக்கும். சோம்பேறிப் புரோகிராம் பழையதைக் காலி செய்துவிட்டு அதன் மேலேயே எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பூஜ்யம் கேபி. விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ், மாற்றங்களைக் குறித்து வைக்கும் தன் ஜர்னலில் பாதுகாப்பது ஃபைலின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்களைத்தான், உள்ளே இருக்கும் எழுத்தை இல்லை. அளவு டிஸ்க்கில் பதிவாகி, எழுத்து இன்னும் கேஷ் என்ற தற்காலிக நினைவிலேயே இருந்தபோது கரண்ட் போயிருந்தால், கிடைப்பது இந்தக் கறுப்புக் கட்டங்கள்.

அதனால் என்யூஎல் நிறைந்த ஃபைலை ரிப்பேர் செய்ய உட்காராதீர்கள், உள்ளே ரிப்பேர் செய்ய எதுவும் இல்லை. பக்கத்தில் பிஏகே என்றோ ஓல்ட் என்றோ டிஎம்பி என்றோ முடியும் ஒரு பிரதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாதி எழுத்து இருந்து நடுவில் அறுந்த ஃபைல் என்றால் கதை வேறு, அதில் சர்வர் முகவரி, ரசீது ஃபோல்டரின் பாதை மாதிரி விஷயங்கள் படிக்கும்படி இருக்கும், குறித்துக்கொண்டால் புதிதாக செட் செய்யும்போது கை கொடுக்கும்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். அழிப்பது. கெட்டதை அழி, புரோகிராம் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும் என்று நெட்டில் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது, பொய்யில்லை. ஆனால் டெலிட்டுக்குப் பதில் ரீநேம் செய்தால் அதே பலன், ஆபத்து இல்லை. பெயருக்குப் பின்னால் பழசு என்று சேர்த்துவிட்டுப் புரோகிராமைத் திறந்து பாருங்கள். புத்தம் புதிதாகத் திறந்தால் குற்றவாளி இவன்தான். அப்போதும் திறக்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ, பெயரைத் திருப்பி மாற்றுங்கள், ஒன்றும் குறையவில்லை.

ஃபைலை அழிப்பதாவது போகட்டும், ஃபோல்டரையே அழிப்பவர்களை என்ன சொல்ல. தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராம் வைத்திருந்த ஒரு அக்காவுக்கு அவர் தம்பி மகன் உதவி செய்தான். ரோமிங்கில் தண்டர்பேர்ட் என்ற ஃபோல்டரைப் பார்த்தான், இதுதானே செட்டிங்ஸ் என்று ஷிஃப்ட்-டெலிட் அடித்தான். புரோகிராம் அழகாகத் திறந்தது, காலியாக. பாப் முறையில் இறக்கிய மெயில் எல்லாம் அதே ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் மெயில் என்ற துணை ஃபோல்டரில்தான் இருந்தது, சர்வரில் பிரதி கிடையாது. மெயிலை சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமாப் கணக்காக இருந்திருந்தால் திரும்ப இறங்கியிருக்கும். பாஸ்வேர்டுகளும் முகவரிப் புத்தகமும் இதே இடம். செட்டிங்ஸ் மட்டும் இருப்பது ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் என்ற ஒற்றை ஃபைலில். ஒரு புரோகிராமின் ஆப்டேட்டா ஃபோல்டர் சில எம்பிக்கு மேல் கனமாக இருந்தால், அதற்குள் செட்டிங்ஸைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்வதற்கு முன்னாலும் முழு ஃபோல்டரையும் ஒரு யூஎஸ்பியில் காப்பி எடுங்கள், இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

லிப்ரே ஆபீஸில் அந்த ஃபோல்டரையே திறக்க வேண்டாம். 5.3 வெர்ஷன் முதல் அதற்கு ஒரு சேஃப் மோட் இருக்கிறது, ஸ்டார்ட் மெனுவிலேயே கிடைக்கும், பழைய நல்ல ப்ரொஃபைலுக்குத் திரும்பவும், கொஞ்சம் கொஞ்சமாக ரீசெட் செய்யவும் அதற்குள்ளேயே வழி உண்டு. நேராக யூசர் ஃபோல்டரைத் தூக்கினால் நீங்கள் சேர்த்து வைத்த தமிழ்ச் சொல் பட்டியல், டெம்ப்ளேட், மேக்ரோ எல்லாம் சேர்ந்து போகும்.

புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைலைத் திருத்துவது இன்னொரு வீண் வேலை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ட்ரேயில் ஒளிந்திருக்கும், அல்லது பாதி செத்துப்போய் டாஸ்க் மேனேஜரில் மட்டும் தெரியும். நீங்கள் திருத்தி சேவ் செய்வீர்கள், அது மூடும்போது தன் நினைவில் இருந்ததை மேலே எழுதிவிட்டுப் போகும். மேக்கில் இதே தொல்லை வேறு வடிவம், பிளிஸ்ட் என்ற அதன் கான்ஃபிக் ஃபைலை நீங்கள் மாற்றினாலும் பின்னணியில் ஒரு சர்வீஸ் பழையதையே கேஷில் பிடித்து வைத்திருக்கும்.

எதில் திருத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். வேர்டு வேண்டவே வேண்டாம், நேரான மேற்கோள் குறியை அது வளைந்த குறியாக மாற்றும், ஜேசன் என்ற இன்னொரு வடிவத்தில் எழுதிய கான்ஃபிக் ஃபைல் அங்கேயே படுத்துவிடும். கடைசி வரிக்குப் பின் மிஞ்சி நிற்கும் ஒரு கமா போதும் ஜேசனைக் கெடுக்க. நோட்பேடிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: 2019 மே அப்டேட்டுக்கு முந்தைய விண்டோஸ் நோட்பேட் புது ஃபைலைத் தமிழ் எழுத்து அடங்காத பழைய ஆன்ஸி முறையில்தான் சேமிக்கும், ரசீதின் தலைப்பில் கோயில் பெயரைத் தமிழில் போட்டு வைத்திருந்தால் அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும், திருப்பி எடுக்க முடியாது. சேவ் செய்யும்போது தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஃபைல் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் அதை மறைத்து வைக்கும், எல்லாம் சரியாகச் செய்தும் புரோகிராம் கண்டுகொள்ளாததற்கு இது அடிக்கடி வரும் காரணம்.

பக்கத்து மெஷினில் நன்றாக ஓடுகிறதே என்று அங்கிருந்து கான்ஃபிக்கைக் காப்பி செய்வது பார்க்க புத்திசாலித்தனம் மாதிரி இருக்கும். உள்ளே அந்த மெஷினின் யூசர் பெயரோடு ஃபோல்டர் பாதைகள் இருக்கும், சில புரோகிராம்களில் சேமித்த பாஸ்வேர்டு அந்த விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கும். சென்னையிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய ஃபைல் என்றால் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கமும் உண்டு. விண்டோஸ் 10-ல் ரீஜனை சவுத் ஆஃப்ரிக்கா என்று வைத்தால் தசமத்துக்குப் புள்ளி இல்லை, கமா. அங்கே 1.5 என்று எழுதினது இங்கே படிக்கும்போது சில புரோகிராம்களை விழவைக்கும், சிலவற்றில் சத்தமில்லாமல் வேறு எண்ணாகிவிடும். விழுந்தால் நல்லது, தெரிந்துவிடும். வாட் வரி விகிதமோ பேப்பர் மார்ஜினோ தப்பாகப் போய் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காததுதான் மோசம்.

ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டதும் திறக்கிறதே, அப்படியே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: அட்மினுக்கு வேறு பாஸ்வேர்டு கேட்டிருந்தால், அது திறந்தது அந்தக் கணக்கின் ஆப்டேட்டாவை வைத்து. உங்கள் கெட்ட ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஒரே கிளிக்கில் சரிசெய்யும் டூல் எதுவும் வேண்டாம். உதவி கேட்டு ஃபைலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன் உள்ளே பாஸ்வேர்டோ, பாஸ்வேர்டு மாதிரியே கணக்கைத் திறக்கும் டோக்கனோ இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பல புரோகிராம்கள் அதை அப்படியே எழுத்தாகவே வைக்கின்றன.

திறந்துவிட்டது என்று எழுந்து போகும் முன் சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள், டிஸ்க் நிரம்பினாலும் கான்ஃபிக் இதே மாதிரி பூஜ்யம் கேபியாகும். புது செட்டிங்ஸ் ஒழுங்காக வந்ததும் அந்த ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வேறு டிஸ்க்கில் போடுங்கள், ஒன்டிரைவ் பேக்கப் ஓடுகிறது என்று நம்பி இருக்காதீர்கள், அது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் என்று போகுமே தவிர ஆப்டேட்டாவை எடுக்காது. கரண்ட் திரும்பி வந்த உடனே மெஷினைப் போடாதீர்கள், ஏரியா முழுக்க கீசரும் ஃப்ரிட்ஜும் ஒன்றாக இழுக்கும்போது மறுபடி ட்ரிப் ஆகும், அந்த நேரத்தில் எல்லாப் புரோகிராமும் திறந்துகொண்டு தங்கள் கான்ஃபிக்கை எழுதிக்கொண்டிருக்கும். ஒரு பத்து நிமிடம் விடுங்கள். கரண்டே போகாமல் ஒரே ஃபைல் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால் மட்டும், புரோகிராமை விட்டுவிட்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை, அதற்கான டூலில் பாருங்கள், அதில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் வேறு டிஸ்க் வாங்குகிற வரை அதில் எதையும் புதிதாக எழுத வேண்டாம்.