அந்த நான்கு புள்ளிகள் எங்கிருந்து வந்தன? கூடைப்பந்து பாக்ஸ் ஸ்கோரை வாசிக்கப் பழகலாம்

கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை வாசிக்க நமக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. ஓவர், மெய்டன், ரன், விக்கெட் என்ற நான்கு எண்களைப் பார்த்தாலே பந்துவீச்சாளர் அன்று எவ்வளவு அடி வாங்கினார் என்று சொல்லிவிடுவோம். ஆனால் கூடைப்பந்து ஆட்டத்தின் எண்களைத் தொகுத்துத் தரும் அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரில் 9-24, 1-5, 8-10 என்று ஒரு வரி வந்தால் விழிக்கிறோம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும், இதையும் வாசித்துவிடலாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு நெருக்கமாக முடிந்த ஆட்டம்தான் நல்லது. நான் எடுத்துக்கொள்வது 2016 ஜூன் 19 அன்று ஓக்லாந்தில் நடந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரின் 7ஆவது ஆட்டம். கிளீவ்லாந்து கேவலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89. வாரியர்ஸ் அந்தப் பருவத்தின் 82 லீக் ஆட்டங்களில் 73-ஐ வென்ற அணி. இறுதித் தொடரிலும் ஒரு கட்டத்தில் 3-1 என்று முன்னிலையில் இருந்தது, பிறகு 3-3 ஆனது. முதல் ஆறு ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டினால் இரு அணிகளும் சரியாக 610. ஏழாவது ஆட்டம் தொடங்கியபோது தராசு நேராக நின்றது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சாகாது.

படி 1: கால்பகுதிக் கணக்கு

கேவலியர்ஸ்: 23, 19, 33, 18.
வாரியர்ஸ்: 22, 27, 27, 13.

இடைவேளையில் வாரியர்ஸ் 49-42 என்று ஏழு புள்ளிகள் முன்னே இருந்தது. மூன்றாவது கால்பகுதி முடிவில் 76-75. கடைசி 12 நிமிடங்களில் இரு அணிகளும் சேர்ந்தே 31 புள்ளிகள்தான் எடுத்தன. சொந்த மைதானத்தில் ஆடிய அணிக்கு 13 மட்டுமே. இந்த 13-ஐ ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: ஒரு வீரரின் வரி

லெப்ரான் ஜேம்ஸ்: எஃப்ஜி 9-24, 3பி 1-5, எஃப்டி 8-10, ரீபவுண்ட் 11, அசிஸ்ட் 11, ஸ்டீல் 2, பிளாக் 3, புள்ளிகள் 27.

எண்களுக்கு நடுவிலுள்ள சிறு கோட்டுக்கு இடப்பக்கம் கூடையில் விழுந்தவை, வலப்பக்கம் எறிந்தவை. எஃப்ஜி என்பது ஆட்டத்தின் ஓட்டத்தில் எறிந்த எறிதல்கள். 3பி என்பது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவை. எஃப்டி என்பது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காக யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு. விழும் ஃப்ரீ த்ரோ ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ரீபவுண்ட் என்பது தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது, அசிஸ்ட் என்பது சக வீரர் கூடை போட உதவிய பாஸ், ஸ்டீல் என்பது எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது, பிளாக் என்பது எதிரணியின் எறிதலைத் தடுப்பது.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். 3பி எண்ணிக்கை எஃப்ஜிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அது தெரியாமல் முதன்முதலாகக் கூட்டியபோது 9×2, 1×3, 8 என்று போட்டு 29 எடுத்துவிட்டு, அட்டவணையில் அச்சுப்பிழை என்று நம்பியவன் நான். சரியான கணக்கு: விழுந்த 9-இல் ஒன்று மூன்று புள்ளி, மீதி 8 இரண்டு புள்ளி. ஆக 16+3+8 = 27.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எறியும்போது எதிரணி ஃபவுல் செய்து, பந்தும் கூடையில் விழாமல் போனால், அந்த எறிதல் எஃப்ஜியில் சேராது. ஃப்ரீ த்ரோவாக மட்டும் பதிவாகும்.

படி 3: கூட்டிச் சரிபாருங்கள்

ஜேம்ஸ் 27, கைரி இர்விங் 26, ஜே.ஆர். ஸ்மித் 12, கெவின் லவ் 9, டிரிஸ்டன் தாம்சன் 9, இமான் ஷம்பர்ட் 6, ரிச்சர்ட் ஜெஃபர்சன் 2, மோ வில்லியம்ஸ் 2. மொத்தம் 93. அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்து பார்த்தால் அட்டவணை கைவசமாகிவிடும். 53 புள்ளிகள் இரண்டே பேரிடமிருந்து வந்திருப்பதும் இப்போது கண்ணில் படும்.

படி 4: வித்தியாசத்தைப் பிரியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அணிகளின் மொத்த வரியை எடுங்கள்.

கேவலியர்ஸ்: எஃப்ஜி 33-82, 3பி 6-25, எஃப்டி 21-25.
வாரியர்ஸ்: எஃப்ஜி 32-83, 3பி 15-41, எஃப்டி 10-13.

இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். மூன்று புள்ளியில் வாரியர்ஸ் 45, கேவலியர்ஸ் 18. வாரியர்ஸுக்கு 27 புள்ளிகள் அதிகம்! இதோடு அட்டவணையை மூடிவிட்டால், எந்த அணி ஜெயித்திருக்கும் என்று பந்தயம் கட்டுவீர்கள்?

இரண்டு புள்ளியில் கேவலியர்ஸ் 57 எறிந்து 27 போட்டது, 54 புள்ளிகள். வாரியர்ஸ் 42 எறிந்து 17 மட்டுமே, 34 புள்ளிகள். கேவலியர்ஸுக்கு 20 அதிகம். ஃப்ரீ த்ரோவில் 21-க்கு 10. இன்னும் 11 அதிகம். 20+11 = 31. அதில் 27 போனால் 4.

அந்த நான்கு புள்ளிகள் வந்த வழி இதுதான். தூரத்திலிருந்து எறிந்து பேர் வாங்கிய அணியை, கூடைக்கு அருகே முட்டி மோதிய அணி வென்றது. ரீபவுண்டிலும் கேவலியர்ஸ்தான், 48-39. இர்விங் கடைசி நிமிடத்தில் போட்ட மூன்று புள்ளியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் கேவலியர்ஸுக்கு அந்த இரவு முழுவதும் மூன்று புள்ளி விழுந்தது ஆறே தடவைதான்.

படி 5: எத்தனை எறிந்து எத்தனை எடுத்தார்?

புள்ளிகளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ட்ரூ ஷூட்டிங் என்றொரு கணக்கு உண்டு. எஃப்டி எறிதல்களை 0.44-ஆல் பெருக்கி, எஃப்ஜி எறிதல்களோடு கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். வந்த எண்ணால் புள்ளிகளை வகுங்கள். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவும், சில நேரம் ஒற்றையாகவும் வருவதால்தான் பாதிக்குச் சற்றுக் குறைவான இந்த 0.44.

தோற்ற அணியின் ட்ரேமண்ட் கிரீன் 11-15, 6-8, 4-4 என்று 32 புள்ளிகள், 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். கணக்குப் போட்டால் 95 சதவீதத்துக்கும் மேல். ஜேம்ஸ் 47.5. பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதை இரண்டு தடவை வென்ற ஸ்டெஃபன் கரி 6-19, 17 புள்ளிகள்; 44-ஐக் கூடத் தொடவில்லை. மூன்று புள்ளியில் கரி 4-14, கிளே தாம்சன் 2-10. கிரீனை எடுத்துவிட்டால் வாரியர்ஸின் மற்ற எல்லோரும் சேர்ந்து 9-33. அன்றைய சிறந்த ஆட்டம் தோற்றவனுடையது என்றே நான் இன்றும் சொல்வேன்.

படி 6: கூட்டல் கழித்தல் குறி

வரியின் கடைசியில் + அல்லது - போட்ட ஓர் எண் இருக்கும். அந்த வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எத்தனை புள்ளிகள் முன்னேறியது அல்லது பின்தங்கியது என்பதே அது. லவ் எடுத்தது 9 புள்ளிகள்தான், எஃப்ஜி 3-9. ஆனால் 14 ரீபவுண்டும் +19-உம் அவர் பெயரில் இருக்கின்றன. அணி 4 புள்ளிகளில்தான் வென்றது. ஆகவே அவர் வெளியே உட்கார்ந்திருந்த 18 நிமிடங்களில் அது 15 புள்ளிகள் பின்தங்கியிருக்கிறது. இருந்தாலும், ஒரே ஆட்டத்தின் கூட்டல் கழித்தல் குறியை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கூட ஆடிய நால்வரின் உழைப்பும் அதே எண்ணில்தான் கலந்திருக்கிறது.

படி 7: பிளே பை பிளே

வட்டம் போட்ட 13-க்கு வருவோம். இதற்குப் பாக்ஸ் ஸ்கோர் உதவாது. நிமிட வாரியாக நடந்ததைச் சொல்லும் பிளே பை பிளே பட்டியலைத் திறக்க வேண்டும். கடிகாரம் 12:00-இலிருந்து கீழ்நோக்கி ஓடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

4:39-இல் வாரியர்ஸின் கிளே தாம்சன் போட்ட கூடையோடு 89-89. அதன்பிறகு வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கேவலியர்ஸும் 0:53 வரை எதுவும் எடுக்கவில்லை. நடுவே, 1:50-இல், ஆண்ட்ரே இகுவோடாலா எறிந்த பந்தை ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையோடு அடித்துத் தடுத்தார். பாக்ஸ் ஸ்கோரில் அது பிளாக் 3 என்பதில் மூன்றிலொன்று, அவ்வளவுதான். 0:53-இல் கரியின் தலைக்கு மேலாக இர்விங் மூன்று புள்ளி போட்டார், 92-89. பதிலுக்கு கரி எறிந்த மூன்று புள்ளி, லவ் மறித்து நின்றதில், தவறியது.

மிச்சம் 10.6 விநாடிகள். கிரீனின் ஃபவுலில் தரையில் விழுந்து, மணிக்கட்டைப் பிடித்தபடி எழுந்த ஜேம்ஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டாவது விழுந்தது, 93. முதலாவது விழவில்லை. படி 2-இல் எஃப்டி 8-10 என்று பார்த்தோமே, தவறிய அந்த இரண்டில் ஒன்று இது.